ஆர்ஸ்னரின் எடிட்டிங் மேசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹாலிவுட்டின் பெண் இயக்குநர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டோரதி ஆர்ஸ்னருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்ததில் மிகவும் மகிழ்ச்சி. ஆனால் 'சில காலம் எடிட்டராக இருந்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே! ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தில் உதவி எடிட்டராக இருந்தவன் நான். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1919-இல் திரைக்கதைகளை டைப் அடிக்கும் வேலைக்குத்தான் ஆர்ஸ்னர் ஸ்டுடியோவில் சேர்ந்தார். பிறகு கண்டினியூட்டி (ஒரு ஷாட்டும் அடுத்த ஷாட்டும் பொருந்துகிறதா என்று குறித்துவைக்கும் வேலை), அப்புறம் எடிட்டிங் மேசை. ரியலார்ட் நிறுவனத்தில் மட்டும் 50-க்கும் மேற்பட்ட படங்கள் அவர் கைவழியாகப் போயின.

1922-இல் வந்த 'பிளட் அண்ட் சாண்ட்' படத்தின் காளைச் சண்டையைப் பாருங்கள். முன்பே எடுத்து வைத்திருந்த நிஜச் சண்டைக் காட்சிகளோடு, கதாநாயகன் வாலண்டினோவை நெருக்கத்தில் எடுத்த ஷாட்களைக் கோத்திருக்கிறார். அந்த ஷாட்களில் சிலவற்றை எடுத்ததும் அவரே. காளை பாயும் திசையும் நடிகர் திரும்பும் திசையும் ஒத்துப்போக வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஃபிலிமை ஓடவிட்டுப் பார்த்து வெட்ட உதவும் மூவியோலா இயந்திரம் வந்ததே 1924-இல்தான். அதற்கு முன்னால் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டினார்கள்! இந்த வேலையைப் பார்த்த பிறகே இயக்குநர் ஜேம்ஸ் குரூஸ் தம்முடைய 'த கவர்ட் வேகன்' படத்துக்கு அவரை எடிட்டராக அழைத்துக்கொண்டார்.

இயக்கும் வாய்ப்பையும் அவர் கேட்டுத்தான் வாங்கினார். கொலம்பியா ஸ்டுடியோவுக்குப் போகிறேன் என்று கிளம்பிய பிறகுதான், அவர் வேலை பார்த்த பாரமவுண்ட் அவருக்கு 1927-இல் 'ஃபேஷன்ஸ் ஃபார் விமன்' படத்தைக் கொடுத்தது. 1929-இல் நடிகை கிளாரா போ தம் முதல் பேசும்படத்தில் மைக்கைப் பார்த்துத் தடுமாறியபோது, படத்தை இயக்கிய ஆர்ஸ்னர் தூண்டில் கம்பில் மைக்கைக் கட்டி, அவர் போகும் பக்கமெல்லாம் தலைக்கு மேலே கொண்டுபோக வைத்தார்.

அவர் இயக்கிய 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்' (1940) படத்தில் நடனப்பெண் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தன்னை வேடிக்கை பார்க்க வந்தவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்பாள். அவள் பேசப் பேச, கீழே உட்கார்ந்திருப்பவர்கள் நெளியும் முகங்கள் நடுநடுவே வந்து போகும். எந்த முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்ற கணக்கு எடிட்டிங் மேசையில் பழகியது என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்னொரு திருத்தம்: ஹாலிவுட்டின் முதல் பெண் இயக்குநர் இவரல்ல. லோயிஸ் வெபர் போன்றவர்கள் முன்பே இருந்தார்கள். இயக்குநர்கள் சங்கத்தில் சேர்ந்த முதல் பெண் என்பதுதான் சரி.

எடிட்டர்களைப் பற்றி ஒரு தொடர் வெளியிடுங்கள். முதல் அத்தியாயம் ஆர்ஸ்னருக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் உதவி எடிட்டர்,
சென்னை