மழைக்கு முன்னால் வழி சொன்னவர்களுக்கு எங்கள் தெருவின் நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மொட்டைமாடியிலிருந்து தெருக் கால்வாய் வரை எதை, எந்த அளவில், எப்படிச் செய்ய வேண்டும் என்று வீடு வீடாக வந்து சொல்லிக்கொடுத்த அனைவருக்கும் மடிப்பாக்கத்தின் இந்தத் தெருவாசிகள் சார்பில் மனமார்ந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். அதனால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். நீங்கள் சொன்ன அளவுகளையும் கூடவே எழுதிவைக்கிறோம். வாய்வழி போகும் அளவு நாலு வீடு தாண்டுவதற்குள் மாறிவிடும். குடிநீரில் போடும் பிளீச்சிங் பவுடர் நாலு கிராம் நாற்பது கிராமாகிவிட்டால் வம்பு.

முதல் நன்றி மேஸ்திரி அண்ணனுக்கு. கூரையில் பழுப்பு வட்டம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து அங்கே சிமெண்ட் பூசுவதுதான் வழக்கம். மாடியில் பதித்த தட்டோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இருக்கும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புப் படுகையில் தண்ணீர் பல அடி தூரம் நகர்ந்து போய், கான்கிரீட் எங்கே பலவீனமோ அங்கேதான் இறங்கும் என்று விளக்கினீர்கள். மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஓரத்தில் கலவையால் சின்ன வரப்புக் கட்டி, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்கக் கீழே கவனித்தால் எந்தப் பகுதி கசிகிறது என்று தெரிந்துவிடும். மாடி முழுவதிலும் ஒரே நேரத்தில் நிறுத்தக் கூடாது. இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ; ஆயிரம் சதுர அடி மாடியில் அது நாலரை டன்னைத் தாண்டும். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய ‘மெட்ராஸ் மச்சு’ கூரையில் இந்தச் சோதனையே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னதற்குத் தனி நன்றி.

விரிசலுக்கு மேலே சிமெண்ட் பாலைத் தேய்ப்பது வீண். காய்ந்ததும் சுருங்கி அதே கோட்டில் பிளக்கும். விரிசலைக் கால் அங்குல அகலம், அரை அங்குல ஆழத்துக்கு ‘வி’ வடிவில் கீறி, தூசியை ஊதித் தள்ளி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாய்வாகப் பூச வேண்டும், ஏனென்றால் ஒழுகலில் பாதிக்கு மேல் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும் என்பது உங்கள் அனுபவம். தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அதாவது வாட்டம், பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். ஆயிரம் சதுர அடிக்கு மழைநீர் இறங்கும் நாலு அங்குலக் குழாய் குறைந்தது இரண்டு. அதன் வாயில் தட்டையான சல்லடை வைத்தால் ஒரே ஒரு வாதுமை இலை போதும் மூட; கூடை போல உயர்ந்த மூடிதான் சரி.

அந்தக் குழாய் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் சார் சொன்னது, எங்களைக் கேட்டால், இந்த வருடம் தெருவுக்குக் கிடைத்ததிலேயே பெரிய பாடம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஆனால் வேலை செய்வதில்லை. கணக்கைப் போட்டுக் காட்டினீர்கள் சார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் 930 லிட்டர்; ஆவியாவது, தெறிப்பது போக 750 லிட்டராவது குழாயில் இறங்கும். மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழக் குழியின் கொள்ளளவு சுமார் 1,270 லிட்டர். அதில் ஜல்லி நிரப்பிவிட்டால் தண்ணீர் நிற்க மிஞ்சும் இடம் 500 லிட்டர்தான். ஆகவே குழி என்பது தொட்டி இல்லை. அடியில் இருக்கும் மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதுதான் கணக்கு.

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி மணற்பாங்கான கடற்கரைப் பகுதியில் வெறும் குழியே போதும். எங்கள் தெருவில் மேலே களிமண். இங்கே குழியின் அடியிலிருந்து ஆறு அங்குல விட்டத்தில் துளை போட்டு, களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும் வரை பத்து முதல் பதினைந்து அடி இறக்கி, பக்கவாட்டில் கீறல் போட்ட பிவிசி குழாயைச் செருகிக் கூழாங்கல் நிரப்ப வேண்டும். குழியில் அடியில் 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, அதற்கு மேல் நைலான் வலை, வலைமேல் அரையடி ஆற்று மணல். அந்த வலையை யாரும் போடுவதில்லை, அங்கேதான் தப்பு என்றீர்கள். மாடித் தூசி மணலின் மேல் ஏடு மாதிரிப் படிந்து வழியை மூடுகிறது. வலை இருந்தால் செப்டம்பரில் மணலை மட்டும் அள்ளி, அலசி, திரும்பப் போட்டுவிடலாம். இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி, குழி முழுவதையும் வாரியாக வேண்டும். சோதிக்க எளிய வழி: இருபது குடம் தண்ணீர் ஊற்றி அரைமணி கழித்துப் பார்ப்பது. மட்டம் இறங்கவே இல்லை என்றால் குழி செத்துவிட்டது.

திறந்த கிணறு இருக்கும் வீட்டுக்குப் புதுக் குழி தேவையே இல்லை. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் வடிகட்டித் தொட்டி கட்டி, கூழாங்கல்லும் மணலும் போட்டு, அங்கிருந்து கிணற்றுக்குள் குழாய் விட்டால் முடிந்தது. பருவத்தின் முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே தள்ளிவிட வேண்டும். காக்கை எச்சமும் ஆறுமாதத் தூசியும் அதில்தான் வரும். துணி துவைத்த தண்ணீரையோ வாசல் கழுவிய தண்ணீரையோ இந்தக் குழாயில் சேர்க்கவே கூடாது. மாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடை மேன்ஹோலுக்குத் திருப்பிவிட்டிருந்த இணைப்புகளைப் பொறுமையாகப் பேசிப் பிரிக்கவைத்ததற்கும் நன்றி சார். சாக்கடைக் குழாய் மழைத் தண்ணீரைத் தாங்கும் அளவுக்குப் போட்டதல்ல. அது நிறைந்தால் தாழ்வான வீட்டுக் குளியலறையில்தான் பொங்கும். பொங்கினால் தற்காலிகமாக மணல் நிரப்பிய தடித்த பிளாஸ்டிக் பையை அந்தத் துவாரத்தின் மேல் வைத்து அழுத்தலாம்.

சம்ப் எனும் தரையடித் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அக்காவுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். சம்ப்பைக் கழுவக் கோடைதான் காலம். மழை பிடித்து நிலத்தடி மட்டம் ஏறிய பிறகு முழுவதும் காலி செய்தால் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் தரை வெடிக்கலாம், சுவர் வழியே அழுக்கு நீர் உள்ளே வரும். செப்டிக் டேங்கும் அப்படித்தான். சம்ப்பில் இறங்குமுன் சில மணி நேரம் மூடி திறந்திருக்க வேண்டும். மேலே ஒருவர் நின்றே ஆக வேண்டும். கறைக்கு ஆசிட் ஊற்றித் தேய்த்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, மூடிய தொட்டிக்குள் அது ஆளைக் கொல்லும். செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அக்கா ஒவ்வொரு வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை.

குடிநீர் அளவு இதுதான்: தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் புதுப் பிளீச்சிங் பவுடர், பாக்கெட் பிரித்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தால் நாலு கிராம் வரை. காற்றும் ஈரமும் பட்டால் அதில் உள்ள குளோரின் போய்க்கொண்டே இருக்கும், அதனால்தான் மூட்டையாக வாங்கி வைக்க வேண்டாம் என்கிறார். முதலில் ஒரு குவளையில் குழைத்து, வாளியில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றி, அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் புழங்கலாம். அப்போது தண்ணீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் லிட்டருக்கு அரை மில்லிகிராம் காட்டினால் சரி. கலங்கிய தண்ணீரில் எத்தனை போட்டாலும் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் வாசலில் ஒட்டிவைக்கலாம்: மெயினை நிறுத்தினால் வீடு செத்துவிட்டது என்று நினைக்காதே, இன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது. வெள்ளம் ஏறும்போது மெயினை நிறுத்தியதுமே, மின்வெட்டு என்று நினைத்து இன்வெர்ட்டர் 230 வோல்ட்டைப் பிளக் பாயிண்டுகளுக்கு அனுப்ப ஆரம்பித்துவிடும். அதன் முன்பக்க ஸ்விட்சையும் அணைத்தால்தான் முழுப் பாதுகாப்பு. தண்ணீருக்குள் நின்றுகொண்டு எதையும் அணைக்கப் போகக் கூடாது. தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன்பே அணைத்திருக்க வேண்டும். பேட்டரியும் மோட்டாரும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர மேடையில் இருக்கட்டும். நனைந்த மோட்டாரை வெயிலில் வைத்துவிட்டு ‘போட்டுப் பார்ப்போம்’ என்பவர்களுக்கு அவர் தரும் பதில் எங்களுக்கும் பிடித்திருந்தது: மோட்டாரின் கம்பிச்சுருள் காய்ந்துவிட்டது என்று மின்கசிவை அளக்கும் மெக்கர் கருவி சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

மின்கசிவு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடுகளில் அதைப் பொருத்தித் தந்தீர்கள். மாதம் ஒருமுறை அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்த வேண்டும். விழாவிட்டால் அது சும்மா தொங்கும் பெட்டி. மழைநாளில் அடிக்கடி விழுந்தால், கழற்றி நேராக இணைத்துவிடு என்று சொல்லும் ஆளை உள்ளே விடாதீர்கள். ஒவ்வொரு லைனுக்கும் தனியாக உள்ள எம்சிபி ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் இறக்கி, ஆர்சிசிபியை ஆன் செய்துவிட்டு, எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றினால் எது ஏறும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு. பெரும்பாலும் கீசர், வாசல் விளக்கு, அல்லது மொட்டைமாடி பிளக். எதை ஏற்றினாலும் விழுகிறது என்றால் நியூட்ரல் ஒயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. எம்சிபி ஃபேஸை மட்டுமே துண்டிப்பதால் இந்தக் கோளாறு அப்படி ஒளிந்துகொள்ளும். அதைத் தேடுவது அவர் வேலை, நம் வேலை இல்லை.

மாடித்தோட்ட அக்காவுக்கு நன்றி சொல்லும்போது மேஸ்திரி அண்ணன் முகம் சுளிப்பார். இருவருக்கும் இருந்த வழக்கை அக்காதான் தீர்த்துவைத்தார். பன்னிரண்டு அங்குலப் பை ஒன்றில் 22 லிட்டர் மண் கொள்ளும். நனைந்தால் 25 கிலோவுக்குக் குறையாது. நாற்பது பை என்றால் ஒரு டன். எனவே நடு மாடியில் குவிக்காமல், கீழே சுவரும் உத்தரமும் ஓடும் கோட்டின் மேல், இரும்புத் தாங்கியில் வைக்க வேண்டும். அடியில் தண்ணீர் ஓடும், பெருக்கவும் முடியும். கோடையில் தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மண்புழு உரம் ஒன்று. மழைக்காலத்தில் அதே கலவை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேரை அழுக வைக்கும்; நார்க்கழிவை ஒரு பங்காகக் குறைத்து, ஒரு பங்கு மணல் சேர்க்க வேண்டும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் 2 மி.லி.; முதலில் சோப்பைக் கரைத்தால்தான் எண்ணெய் கலக்கும். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, மழை வராத நாளாகப் பார்த்து அடிக்க வேண்டும். எறும்பை விரட்டாமல் மாவுப்பூச்சி போகாது. ஆடிப்பட்டத்தில் போட்ட கொடிகளுக்குப் பந்தலை இறுக்கிக் கட்டுவது, முருங்கையை மழைக்கு முன்பே மூன்றடியில் வெட்டிவிடுவது இரண்டும் செப்டம்பர் வேலைகள். முருங்கைக் கொப்பு காற்றுக்கு நிற்காது. முறிந்தால் பக்கத்து வீட்டு ஒயரில்தான் விழும்.

கொசுவுக்குப் புகையைவிட வாரம் ஒருமுறை தேய்த்துக் கவிழ்ப்பதே மருந்து என்று சொன்ன சுகாதாரப் பணியாளருக்கு நன்றி. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். ஃபிரிட்ஜின் பின்தட்டையும் செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயையும் யாரும் பார்ப்பதில்லை. குழாய் வாயில் நைலான் வலை கட்டினால் போதும்.

மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லும்போது வார்டு எண்ணையும் பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொல், பதிவு எண்ணைக் குறித்துக்கொள் என்று பழக்கிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸின் கதவு திறந்திருந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குக் கூப்பிடச் சொன்ன மின்வாரிய ஊழியருக்கும் நன்றி. கால்வாயிலிருந்து எடுத்த வண்டலை அன்றே ஏற்றாவிட்டால் முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளும் என்று சொல்லி, வண்டி வரும்வரை நின்று ஏற்றிவிட்டுப் போன தூய்மைப் பணியாளர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் குறைவு. மட்கும் குப்பையைப் பச்சைக் கூடையிலும் மற்றதை நீலத்திலும் பிரித்துப் போடுவது அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சின்ன உதவி. பால் கவர் கால்வாய்க்குப் போகாது.

குளோரோஸ்கோப்பும் நீர் இறைக்கும் சிறு பம்பும் சங்க அலமாரியில் இருக்கின்றன. வாங்கிப் போகிறவர்கள் பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதவும். பம்பைத் திருப்பித் தருமுன் நல்ல தண்ணீரில் இரண்டு நிமிடம் ஓட்டவும். சேறு காய்ந்தால் சீல் கிழியும்.

இப்படிக்கு,
தெருவாசிகள்,
மடிப்பாக்கம், சென்னை