கிளெஸ்மர் பயிலும் நண்பரின் கடிதம்

அன்புள்ள சங்கரன்,

வணக்கம். மகளுக்கு வரன் அமைந்த செய்தி அறிந்து மிக மகிழ்ந்தேன். திருமணத்துக்கு அவசியம் வருவேன்.

வயலினில் இப்போது என்ன வாசிக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசையான கிளெஸ்மரைப் பயின்று வருகிறேன். கிளாரினெட் அதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் முன்னுக்கு வந்தது. அதற்கு முன் வயலினே தலைமை வகித்தது. கம்பிகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் சிம்பல் அதற்குத் துணை நின்றது.

அவர்கள் ஃப்ரேகிஷ் என்றழைக்கும் சுரவரிசை முறையின் சுரங்கள் நம் வகுளாபரண ராகத்தின் சுரங்களே. ஆனால், சட்ஜத்துக்குக் கீழே இறங்கும்போது தைவதம் பெரும்பாலும் சற்று உயர்ந்து சதுஸ்ருதியாகிவிடும். சுரத்தை அசைத்து வாசிக்கும் நம் கமகத்தைப் போட்டாலோ மெட்டின் குணமே மாறிவிடும். அங்கே உயிர்நாடி கிரெக்ட்ஸ் என்னும் விம்மல்தான். சுரத்தின் முடிவில் மேல்விரல் தந்தியை லேசாகத் தொட, அதே கணத்தில் வில்லும் நின்றுவிட வேண்டும்.

இதை ஏட்டிலிருந்து மட்டும் கற்க இயலாது. பழைய ஒலிப்பதிவுகளே ஆசான். கீவ் நகரில் இசை ஆய்வாளர் மொய்சேய் பெரெகோவ்ஸ்கி இந்த இசையை மெழுகு உருளைகளில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதி, பெரும் தொகுப்பொன்றை உருவாக்கினார். 1950இல் கைதாகிச் சைபீரிய முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர், 1955இல் விடுதலையாகி 1961இல் காலமானார். கருவியிசைத் தொகுப்பு 1987இல்தான் அச்சேறியது. அந்த இசை வளர்ந்த ஊர்களின் யூதச் சமூகங்களை அதற்குள் நாஜிகள் அழித்தொழித்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது, ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டவே மனம் கனக்கிறது.

அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கிளாரினெட் கலைஞர்கள் நஃப்துலே பிராண்ட்வைன், டேவ் தாராஸ் ஆகியோரின் இசைத்தட்டுகளையும் கேட்கிறேன். அற்புதமான வாசிப்பு. எனினும் இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடமே இடமிருந்ததால், விரிவாக வாசிக்க வேண்டிய தோய்னா என்னும் ஆலாபனை அங்கே சுருங்கிவிடுகிறது.

என் மனத்தை முழுதும் ஆட்கொண்டது காலே பசெட்சன் என்னும் மணமகள் சடங்கின் இசை. மணச்சடங்குக்கு முன் மணமகளைப் பெண்கள் நடுவே அமர்த்தி, பத்கன் எனப்படும் சொல்வல்லார் அவள் கண்ணீர் சிந்தும்படி எதுகை நயத்துடன் அறிவுரை கூற, ஒவ்வொரு அடிக்கும் வயலின் மறுமொழி சொல்லும். அந்தச் சடங்கை அறியாமல் வாசித்தால் அது வெறும் மெதுவான மெட்டு. இன்றைய மேடைகளில் வேகமான நடன இசையே அதிகம் ஒலிப்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

ஒரு மெட்டை நம் சுரக்குறிப்பில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நிதானமாக வாசித்துப் பார்த்து, அந்த விம்மலுக்கு எந்த விரல் உங்களுக்கு இசைவாக இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ராகவன்