பீங்கான் பல்லில் கறை: வெற்றிலையை மட்டும் குறை சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் பீங்கான் மூடி பொருத்திய பல் சில மாதங்களில் பழுப்பேறிவிட்டால், வெற்றிலையையும் பிளேன்ரீயையும் விட்டுவிடுங்கள் என்பதே எல்லோரும் சொல்லும் புத்திமதி. வெற்றிலை போடுபவன் என்ற முறையில் அதை நான் முற்றாக மறுக்கமாட்டேன். ஆனால், எனது மேல்வரிசை வேட்டைப்பல்லுக்குப் போட்ட மூடியின் வெளிப்புறம் பொருத்திய நாளின் நிறத்திலேயே இருக்க, கடி உயர்ந்திருக்கிறதென்று, அதாவது வாயை மூடும்போது அந்த மூடி எதிர்ப்பல்லில் முந்தி முட்டுகிறதென்று, வைத்தியர் அரைத்துக் குறைத்த நுனியிலும் உட்புறத்திலும் மட்டும் கறை அப்பிக்கொண்டது. வாயும் ஒன்றுதான், வெற்றிலையும் ஒன்றுதான்.

வீட்டுத் தேநீர்க் கோப்பையைப் பார்த்தால் காரணம் விளங்கும். மினுக்குப் பூச்சு உள்ள இடம் கழுவியதும் வெளுத்துவிடும். விளிம்பு உடைந்த இடத்தில் சாயம் போகாது. பல் மூடிக்கும் சூளையில் அத்தகைய கண்ணாடிப் பூச்சு ஏற்றப்படுகிறது. பல்நிறப் பிசின் அடைப்பைப் போலப் பீங்கான் நிறத்தை உள்ளே உறிஞ்சுவதில்லை. அதில் படியும் கறை பெரும்பாலும் மேற்பரப்புக் கறைதான். வைரத்துகள் பதித்த அரைமுனை அந்தப் பூச்சை நீக்கிக் கீறல்களை விட்டுச்செல்லும்போது, அக்கீறல்களில் முதலில் பல்லழுக்கும் அதன்மேல் தேயிலை, பாக்குச் சாயங்களும் தங்குகின்றன. மேற்பரப்பின் சராசரிக் கரடு, அதாவது அதன் நுண்ணிய மேடுபள்ளங்களின் அளவு, 0.2 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் கிருமிகள் கூடுதலாகத் தங்கும் என்பது பல்மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நாக்கு உணரக்கூடியதோ ஏறத்தாழ 0.5 மைக்ரோமீற்றர். ஆகவே நாக்குக்குச் சொரசொரப்புத் தெரிகிறதென்றால் அந்த எல்லை எப்போதோ கடந்தாயிற்று. கரடான பீங்கான் எதிர்ப்பல்லின் மிளிரி எனப்படும் கடினமான வெளிப்படையையும் அரத்தைப்போலத் தேய்த்துவிடும்.

இன்னும் பல்லில் ஒட்டாத மூடியைத் திரும்பச் சூளையில் வைத்துப் பூச்சேற்றலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது ஏ9 வீதியில் இன்னொரு பஸ் பயணம். அதோடு, சில மெல்லிய மூடிகளில் ஒட்டிய பின்னரே கடியைச் சரிபார்க்க முடியும். அப்போது எஞ்சும் வழி, பரும்படியிலிருந்து நுண்மைவரை வரிசையாக மாறும் இறப்பர்ச் சில்லுகளாலும் இறுதியில் வைரப் பசையாலும் வாயிலேயே மெருகிடுவது. இடையில் ஒரு படியைத் தாவினாலும் முந்திய கீறல் மறையாது; முறையாகச் செய்தால் மெருகு பூச்சுக்கு ஈடாக நிற்கும். இன்னொரு வைத்தியர் எனக்குச் சில நிமிடங்களில் இதைச் செய்து முடித்தார். கறையும் போயிற்று, அதன்பின் அவ்விடத்தில் அப்படி ஏறவுமில்லை.

கறையைப் போக்குவதாக நினைத்து உமிக்கரியாலும் உப்பாலும் மூடியைத் தேய்ப்பவர்கள் இருக்கிற பூச்சையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அமிலம் சேர்ந்த புளோரைட்டு ஜெல்லும் பீங்கானை அரிக்கும் என்பதால், பூசும் முன் மூடி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எமது பிரதேசப் பல் வைத்தியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மூடியை அரைத்தீர்களானால் நோயாளி கதிரையை விட்டு எழும்புமுன் அவ்விடத்தை மெருகிட்டு, நாக்கால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கிளிநொச்சி.