சின்னவனுக்குச் சிவப்புப் பந்து

லீட்ஸ்,
மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

சின்னவனின் கிரிக்கெட் பயிற்சி பற்றி நீங்கள் எழுதிய கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாதது என் தப்புதான்.

குளிர் இன்னும் விடவில்லை. ஏப்ரலில் இங்கே ஹெடிங்லி மைதானத்தில் ஸ்லிப்பில், அதாவது மட்டைக்காரனுக்குப் பின்னால் கேட்ச் பிடிக்க நின்றவர்கள் பந்துக்குப் பந்து கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு எடுத்தார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஃபிளாஸ்க், கம்பளி, ஸ்கோர் நோட்டு, நாலு கலர் பென்சில். பவுலருக்கு ஒரு கலர். கவுண்டி அணிகளின் நாலு நாள் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 96 ஓவர், ஒரு பந்து விடாமல் எழுதுவார். அவர் பக்கத்தில் நாள் முழுக்கப் பேசாமல் உட்காரலாம். தனியாக வந்தவன் என்று யாருக்கும் தோன்றாது. ஆகஸ்டில் நூறு பந்து ஆட்டத்துக்கும் வருவார், சத்தம் கேட்காமலிருக்கக் காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு. ஐந்து ஐந்து பந்தாக எண்ணுவதை நோட்டின் ஆறு பந்துக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்பதுதான் அவர் குறை.

அண்ணன் தன் சின்னவனை இருபது ஓவர் ஆட்டத்துக்கான டி20 முகாமில் சேர்க்கிறான், நீங்கள் கூடாது என்கிறீர்கள். அண்ணன் சொல்வதும் முழுக்கத் தப்பில்லை. ஃபீல்டிங்கும் ஓட்டமும் அங்கேதான் நன்றாக வரும். ஆனால் பேட்டிங் வேறு. இங்கே நாலு நாள் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் டியூக்ஸ் என்கிற சிவப்புப் பந்து. ஆறு வரிசையும் கைத்தையல், புடைத்து நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் வேர்வையால் தேய்த்துப் பளபளப்பாக வைப்பார்கள், எச்சிலுக்குத் தடை. மேகம் மூடினால் நாற்பது ஓவர் தாண்டியும் காற்றில் வளையும், ஸ்விங் ஆகும். புதுப் பந்து 80 ஓவருக்குப் பிறகுதான். டி20-யின் வெள்ளைப் பந்து பெரும்பாலும் மூன்று நாலு ஓவரில் அடங்கிவிடும், ஸ்லிப்பை எடுத்துவிடுவார்கள். அப்புறம் மட்டையின் ஓரத்தில் எட்ஜ் பட்டாலும் நாலு ரன், கைதட்டல். மட்டை தப்பாக வந்தது பையனுக்குத் தெரியவே தெரியாது. மூன்று ஸ்லிப் நின்றால் அதே பந்தில் அவுட்.

அதனால் முதல் ஆறு மாதம் சிவப்புப் பந்துதான். ஆஃப் ஸ்டம்ப்புக்கு ஒரு ஜாண் வெளியே சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே போகிற பந்தைத் தொடக்கூடாது. முப்பது பந்தில் எத்தனையை விட்டான் என்று நீங்களே எண்ணுங்கள். பந்து போடும்போது தையல் நேராக நிற்கிற வரைக்கும் ஸ்லோ பால் பழக விடாதீர்கள், மணிக்கட்டு கெட்டுவிடும். "வளர்கிற பிள்ளை" என்று பெரிய மட்டை வாங்க வேண்டாம். பக்கத்தில் நிறுத்தினால் கைப்பிடி இடுப்பெலும்பைத் தாண்டக்கூடாது. பாரமான மட்டை என்றால் கீழ்க்கை இழுத்துக் குறுக்கே வீசுவான்.

1986-ல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சம ரன்னில் முடித்த சேப்பாக்கம் டெஸ்ட் டை பற்றித் தாத்தாவிடம் சொன்னேன். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த 210 அவருக்கு மனப்பாடம். கடைசி ஓவரில் ஒரு பந்து மிச்சமிருக்க நம் கடைசி ஆள் மணிந்தர் எல்பிடபிள்யூவில் அவுட் ஆனதும் தெரியும். நீங்கள் ரேடியோவைக் கிணற்று மேட்டில் வைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்த மறந்ததையும், தொட்டி வழிந்து அம்மா சத்தம் போட்டதையும் எனக்கு இங்கிலீஷில் சொல்ல வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

இந்த மாதப் பணம் பத்துத் தேதிக்கு மேல்தான் வரும். வங்கியில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. மட்டைச் செலவு என்னுடையது. மேலத்தெரு மாமா அந்த நாலு சென்ட்டுக்குக் கையெழுத்து கேட்டால் அண்ணன் பத்திரத்தைப் பார்க்காமல் போடாதீர்கள். அக்கா வளைகாப்புத் தேதி குறித்ததும் எழுதுங்கள், லீவு கேட்க வேண்டும். அம்மாவிடம் பருப்புப்பொடி இன்னும் இருக்கிறதென்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்