32ஆவது விநாடி

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தேதி குறித்துவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முதல் நாளே வந்துவிடுவோம். இங்கே மேற்கே சாரல் பிடித்துவிட்டது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டதால் ஆறு நிறைந்து போகிறது.

உங்கள் மருத்துவமனையில் பழைய டெலிபோன் போர்டைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் போன் வைக்கப்போகிறார்கள், எதையெல்லாம் சோதித்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நல்ல நேரத்தில் கேட்டாய். எங்கள் அம்பாசமுத்திரம் கிளையில் அண்மையில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வரும் அழைப்புகள் பாதியில் அறுந்துகொண்டே இருந்தன. வரவேற்பில் இருக்கும் அம்மா, "ஊர் பேரைக் கேட்டு, எந்த டாக்டர் என்று கேட்பதற்குள் போய்விடுகிறது சார்" என்றார். எல்லோரும் லைன் சரியில்லை என்றார்கள். நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு அழைப்பும் எடுத்ததிலிருந்து சரியாக 32ஆவது விநாடியில் அறுந்தது. லைன் கோளாறு என்றால் நேரம் பார்த்தா அறுக்கும்? உள்ளே ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இன்டர்நெட் போனில் அழைப்பை இணைத்துவைக்கும் 'சிப்' (SIP) நெறிமுறையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. இப்போது வழக்கில் இருக்கும் அதன் வடிவம் 2002இல் வந்தது. நாம் போனை எடுத்ததும் நம் பெட்டி, அதாவது பழைய போர்டின் இடத்தில் இருக்கும் கருவி, எடுத்தாயிற்று என்று சொல்ல '200 ஓகே' என்று அனுப்பும். அது கிடைத்தது என்று எதிர்முனையிலிருந்து 'அக்' வரவேண்டும். வராவிட்டால் அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி விட்டு '200 ஓகே'யையே திரும்பத் திரும்ப அனுப்பும். அரை விநாடியின் 64 மடங்கு, அதாவது 32 விநாடி ஆனதும் பெட்டியே அழைப்பைத் துண்டித்துவிடும். நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பிடித்துப் பார்த்தேன். அந்த '200 ஓகே' அதே இடைவெளியில் வரிசையாக நின்றது. ரூட்டரை மாற்றியபோது இன்டர்நெட்டில் நம்மைக் காட்டும் வெளி முகவரியைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் 'பதிலை இங்கே அனுப்பு' என்ற இடத்தில் 192.168 என்று தொடங்கும், கட்டடத்துக்குள் மட்டும் செல்லும் உள்முகவரி போயிருந்தது. வெளியில் இருப்பவர்களால் அந்த முகவரிக்கு எப்படி அனுப்ப முடியும்? பேச்சு மட்டும் வேறு வழியில், வேறு பாக்கெட்டுகளில் போய்க்கொண்டிருந்ததால் அந்த 32 விநாடியும் குரல் தெளிவாகக் கேட்டது. வெளி முகவரியைப் பதிந்ததும் சரியாகிவிட்டது.

அதனால், 'ரிங் போகிறது, பேச்சு கேட்கிறது' என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வந்தால் போட்டுவிடாதே. ஒவ்வொரு அழைப்பையும் இரண்டு நிமிடமாவது பேசவிடு. உள்ளே வருவதைத் தனியாகவும் வெளியே போவதைத் தனியாகவும் பார். இரண்டு முனையிலும் ஆள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கோளாறு அப்போதுதான் வெளிப்படும்.

அடுத்தது எண்கள். நம் பக்கத்து எஸ்.டி.டி. கோடு எண்கள் உனக்குத் தெரியும். திருநெல்வேலிக்கு 0462, அதன்பின் ஏழு இலக்கம். வள்ளியூருக்கு 04637, அதன்பின் ஆறு இலக்கம். வள்ளியூர்க் கிளையில் இருப்பவர் பழக்கத்தில் உள்ளூர் எண் என்று ஆறு இலக்கம் அழுத்துகிறார். அந்த அழைப்போ பாளையங்கோட்டை டிரங்க், அதாவது வெளியுலகோடு இணைக்கும் லைன், வழியாக வெளியேறுகிறது. அங்கே ஆறு இலக்கத்தில் எண்ணே கிடையாது. எண் முழுமையில்லை என்று 484 அல்லது அப்படி எண்ணே இல்லை என்று 404 திரும்பி வரும். அந்தக் கிளைக்கு மட்டும் 04637ஐ முன்னால் சேர்க்கும் விதி வேண்டும்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 சேர்க்க வேண்டும் என்று ஆனதல்லவா? பல இடங்களில் பெட்டியே 0 சேர்க்கிறது, ஆட்களும் 0 போடுகிறார்கள். இரண்டு 0 சேர்ந்தால் அது வெளிநாட்டு அழைப்பு. 94இல் தொடங்கும் நம்மூர் மொபைல் இலங்கைக்கும், 98இல் தொடங்குவது ஈரானுக்கும் போய் நிற்கும். போகக்கூடாத எண்களையும் அழுத்திப் பார். அவை போகாமல் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அவசர எண்கள்தான். எக்ஸ்டென்ஷன்களை, அதாவது உள்ளே ஒவ்வொரு போனுக்கும் தரும் எண்களை, 101 முதல் வரிசையாகக் கொடுப்பது எங்கும் வழக்கம். அப்படிக் கொடுத்தால் தீயணைப்புக்கான 101 கணக்குப் பிரிவில் ஒலிக்கும், ஆம்புலன்சுக்கான 108 மருந்தகத்தில் ஒலிக்கும். ஒரு மருத்துவமனையில் இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது. எக்ஸ்டென்ஷன்களை நான்கு இலக்கமாக வைத்து, 1இல் தொடங்காமல் பார்த்துக்கொள். கிளையிலிருந்து அழைத்தாலும் வெளியே தெரிவது டிரங்க் இருக்கும் ஊரின் எண்தான். எனவே கிளைக்கு ஒன்றாவது உள்ளூர் லைன் இருக்கட்டும், அவசர எண்கள் அதில் போகட்டும்.

2023 டிசம்பர் மழை உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, இங்கே சந்திப்பு பஸ் நிலையம் தண்ணீருக்குள் கிடந்தது. அந்த மாதிரி நாளில் முதல் லைன் போய்விட்டால் அழைப்புகளைக் கொண்டுபோக வேண்டிய இரண்டாவது வழி வேலை செய்யுமா என்பதை வெயில் நாளிலேயே முதல் வழியின் கேபிளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இப்போது சேவை இல்லை என்று எதிர்முனை 503 சொன்னால் பெட்டி உடனே அடுத்த வழிக்குப் போகும். பதிலே வராவிட்டால் இங்கேயும் அதே 32 விநாடி காத்திருக்கும். பதறிக்கொண்டிருப்பவர் அதுவரை காதில் வைத்திருப்பாரா? முதல் வழி உயிரோடு இருக்கிறதா என்று 'ஆப்ஷன்ஸ்' செய்தி அனுப்பி அடிக்கடி கேட்டுக்கொள்ளும்படி அமைக்கச் சொல். இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்பதையும் வெளியே போய் நீயே பார்.

எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் வழி விதிகளையும் எழுதி அனுப்பு, பணம் கொடுப்பதற்கு முன் நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். கல்யாணத்துக்கு வரும்போது ஒருநாள் முன்னதாக வந்து, இருவருமாக உட்கார்ந்து சோதித்துவிடலாம். மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்