பாதி அளவு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல்.

அம்மாச்சியின் பிரௌனியைப் பாதி அளவில் எப்படிச் செய்வது என்று நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. நான் அன்றே பதில் எழுதியிருப்பேன். 'பாதி' என்ற சொல்லிலேயே மனம் நின்றுவிட்டது.

நோட்டில் உள்ள அளவு கொடைக்கானலுக்கு உரியது என்பதை மறந்துவிடாதே. மிஷனரி பங்களாவில் துரைசாணி கொடுத்த குறிப்பின்படி செய்தபோதெல்லாம், 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவு பொங்கியெழுந்து நடுவில் அமுங்கிப்போக, அம்மாச்சிதான் பேக்கிங் பவுடரைக் குறைத்து, இரண்டு கரண்டி மைதாவைக் கூட்டிச் சரிசெய்தார்கள். பள்ளிக்கூடமே போகாதவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். கடல் மட்டத்தில் இருக்கும் சிங்கப்பூரில் அந்தத் திருத்தங்கள் வேண்டாம்; அப்படியே செய்தால் வறண்டு போகும்.

நீ கேட்ட பாதி அளவு இதுதான்: 115 கிராம் வெண்ணெயை உருக்கி, சூட்டோடு ஒரு கப் சர்க்கரையைச் சேர்த்து அடித்து, சற்று ஆறியதும் இரண்டு முட்டைகளை ஊற்றிப் பளபளப்பாகும்வரை அடி. பிறகு அரை கப் மைதா, மூன்றில் ஒரு பங்கு கப் கோகோ, கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. மைதா விழுந்த பிறகு அதிகம் கிளறாதே. எட்டு அங்குலச் சதுர ட்ரேயில் 175 டிகிரியில் 25 நிமிடம் போதும். குச்சியில் ஈரத் துகள்கள் ஒட்டும்போதே எடுத்துவிடு. அதிகம் கிளறாதே என்று மறுபடியும் சொல்கிறேன். மனம் சரியில்லாதபோது உன் கை நிற்காது, எனக்குத் தெரியும்.

தம்பி வாரம் இருமுறை அழைக்கிறான். நீ மூத்தவள்.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, கோகோ படிந்த கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டே, "அவர் இப்போது வீட்டில் பேசுவதே இல்லை அம்மா" என்றாய். ஓவனைத் திறந்து குச்சியைக் குத்திக்கொண்டிருந்த நான், "ஆண்கள் அப்படித்தான், நீதான் பொறுத்துப் போக வேண்டும்" என்றேன். திரும்பியபோது நீ கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாய். ட்ரே கருகியிருந்தாலும் பரவாயில்லை, அன்று உன் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். தவறு என்னுடையது மகளே. பொறுத்துப் போ என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இங்கு நல்ல கோகோ கிடைப்பதில்லை. வரும்போது ஒரு டப்பா வாங்கி வா. தனியாக வருவதானாலும் வா. எந்தத் தேதி என்று மட்டும் எழுது.

அம்மா