கொழுக்கட்டைப்புல்லும் எமிலியின் கிழங்கும்

மெல்பர்ன்
ஆகஸ்ட் 17

அன்புள்ள கோமு,

உன் அய்யன் காரியத்துக்கு நான் வரவில்லை. ஐந்து நிமிடம் போனில் பேசினேன், அதிலும் பாதி நேரம் இரண்டு பேரும் அழுதோம். அதற்கப்புறம் ஒன்பது மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. வேலை, பிள்ளைகள் என்று காரணம் சொல்ல மனசு வரவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். இப்போது எழுத ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் அய்யனும் வருகிறார்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டது. இவருக்கு முதுகுவலி தேவலை. ரத்தினம் டீச்சர் குடை விஷயத்தில் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, நீயும் திறக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மே மாதம் இங்கே விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் ஒரு ஓவியம் பார்த்தேன். மூன்று மீட்டர் உயரம், எட்டு மீட்டர் அகலம். நம் பள்ளி ஆண்டுவிழா மேடைத் திரை அளவு. துணி முழுக்கக் கறுப்பு. மேலே வெள்ளைக் கோடுகள் மட்டும். ஒரு கோடு கிளம்புகிறது, வளைகிறது, இன்னொன்றில் ஏறி இறங்குகிறது, எங்கேயோ போய் மறைகிறது. பூ இல்லை, இலை இல்லை, மனுஷர் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். ஓரிடத்தில் தூரிகையில் சாயம் தீர்ந்து கோடு சாம்பலாக மங்கி வருகிறது. அடுத்த விரற்கடையில் மறுபடி தோய்த்து அதே தடத்தில் தொடர்ந்திருக்கிறார். அந்த இடத்தில் வெள்ளை, தயிர் மாதிரி திரண்டு நிற்கிறது. நம் வரப்பில் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறுவோமே, அப்போது கையில் தொங்கும் வேர்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

வரைந்தவர் எமிலி காம் உங்வாரே. 1995இல் வரைந்தது, ஓவியத்தின் பெயரைத் தமிழில் ‘பெரிய கிழங்குக் கனவு’ என்று சொல்லலாம். இரண்டே நாளில் முடித்தாராம். துணியைத் தரையில் விரித்து, அதன்மேலேயே உட்கார்ந்து, முன்கூட்டி ஒரு கோடும் போட்டுப் பார்க்காமல். அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கோடுகள் என்னவென்று கேட்பாய். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வடகிழக்கே யுடோபியா என்ற வறண்ட பகுதி. அங்கே எமிலியின் சனமான அன்மாட்ஜெர் பழங்குடி மக்கள் தோண்டித் தின்னும் ஒரு கிழங்கு உண்டு, பென்சில் தடிமனில் வெள்ளையாக இருக்கும். பச்சையாகத் தின்னலாம், சூட்டுச் சாம்பலில் புதைத்தும் சுடலாம். கிழங்கு பருக்கும்போது மேலே மண் வெடிக்கும். அந்த வெடிப்பைப் பார்த்துப் பெண்கள் குச்சியால் தோண்டுவார்கள். மேலே வெடிப்பு, கீழே கிழங்கும் வேரும், சடங்கில் பெண்கள் மார்பிலும் தோளிலும் எழுதிக்கொள்ளும் பட்டைகள், இந்த மூன்றும்தான் அந்தக் கோடு. ‘காம்’ என்ற அவர் பெயருக்கே அந்தக் கிழங்குச் செடியின் பூவும் விதையும் என்று அர்த்தம். தன் பெயரை எட்டு மீட்டருக்கு எழுதியிருக்கிறார், கோமு!

‘கனவு’ என்றதும் தூக்கத்தில் வருவது என்று எண்ணிவிடாதே. நிலத்தை உண்டாக்கிய முன்னோர், அவர்கள் நடந்த வழி, அதற்கான பாட்டு, அந்த இடத்தைக் காக்கும் கடமை எல்லாம் சேர்ந்த சொல் அது. யார் வேண்டுமானாலும் எந்தச் செடியையும் வரைந்துவிட முடியாது. பிறப்பால் அந்தக் கதைக்கு உரிமை வேண்டும். எமிலிக்குக் கிழங்கில் உரிமை இருந்தது.

அவர் கதையை நேரில் ஒரு ராத்திரி முழுக்கச் சொல்ல ஆசை. மாட்டுப் பண்ணைகளில் வேலை, ஒட்டகம் ஓட்டியது, 1977இல் மற்ற பெண்களோடு பாத்திக் துணிச்சாயம் பழகியது, எழுபத்தைந்து வயதுக்கு அப்புறம் 1988இல்தான் முதல் கித்தான். அதற்கப்புறம் எட்டே வருஷத்தில் மூவாயிரம் ஓவியம் என்கிறார்கள். 2017இல் அவருடைய ஒரு ஓவியம் 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது. எனக்கு அந்த விலையைவிட வேறொன்று நெஞ்சில் நிற்கிறது. 1970களின் கடைசியில் யுடோபியா நிலம் தங்களுடையது என்று அந்த மக்கள் வழக்காடியபோது, பெண்கள் விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் தங்கள் சடங்கை ஆடிக் காட்டினார்கள். நிலம் திரும்பக் கிடைத்தது. நம் ஊரில் பட்டா இல்லாதவன் இப்படி ஆடிக் காட்டினால் தாசில்தார் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்.

அந்தக் கிழங்குச் செடியை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, ஜூலையில் பள்ளி விடுமுறைக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போனோம். செடியைப் படத்தில் காட்டினார்கள். மூன்று மூன்று இலை, மஞ்சள் பூ, சின்னக் காய். பார்த்ததும் உளுந்து என்று சொல்லிவிட்டேன். தப்பில்லை, அது உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் பங்காளிதான், ஒரே விக்னா பேரினம். அந்த ஊர்ப் பெண்கள் புள்ளி புள்ளியாக வரையும் ‘காட்டுப் பிளம்’ என்னவென்று நினைக்கிறாய்? நம் சிறுகளா! கரட்டில் முள் கிழிக்கக் கிழிக்கப் பறித்துத் தின்றோமே, அதே செடி. நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன், பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

சிரிப்பு அன்று சாயங்காலம் வரைக்கும்தான். டாட் ஆற்றங்கரையில் நடந்தோம். ஆறு என்று பெயர், நம் நொய்யல் கோடையில் இருப்பது மாதிரி மணல்தான். கரை முழுக்க இடுப்புயரம் காய்ந்த புல். ஒரு கதிரைக் கிள்ளினேன். அணில் வால் மாதிரி, விரலில் உருட்டினால் சுணை சுணையாக உதிர்ந்தது. கழுத்துப் பின்னால் சில்லென்றது. அய்யன் நமக்குத் தெரியாமல் பின்னால் வந்து கழுத்தில் புல்லால் கூச்சம் காட்டுவாரே, அதே கதிர். கொழுக்கட்டைப்புல்! உங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துப் புல். இங்கே அதற்கு பஃபல் புல் என்று பெயர்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, அந்த மண்ணின் பெண், என் கையிலிருந்த கதிரைப் பார்த்தார். “அதைக் கீழே போடாதே அம்மா, பையில் போட்டுக் கட்டு. எங்கள் சாப்பாட்டை அதுதான் தின்றது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இதையேதான் படிக்கிறேன். 1870களில் ஒட்டகச் சேணங்களுக்குள் அடைத்து வந்த வைக்கோலோடு விதை வந்திருக்கும் என்கிறார்கள். அப்புறம் மாட்டுக்குத் தீவனம் என்று வேண்டுமென்றே விதைத்தார்கள். அறுபதுகளின் வறட்சியில் புழுதியை அடக்கவும் விதைத்தார்கள். அது ஆற்றோரம், ஓடைக்கரை, வெள்ளம் பரவும் வண்டல் என்று ஈரம் உள்ள இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. எமிலியின் கிழங்குக்கும் அதே இடம்தான் வேண்டும். அதைவிட மோசம் தீ. அந்த ஊர்ப் புற்கள் தூர் தூராக இடைவெளி விட்டு நிற்கும், தீ பிடித்தாலும் நின்றுவிடும். இது இடைவெளியை அடைத்துவிடுகிறது. தீ ஒரே ஓட்டமாக ஓடி, ஆற்றங்கரையில் நூறு வருஷம் நின்ற யூக்கலிப்டஸ் மரங்களையும் எரித்துவிடுகிறது. எரிந்த கரியிலிருந்து முதலில் தலை தூக்குவதும் இதே புல்தான்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வட ஆட்சிப்பகுதியின் அரசு 2024இல்தான் இதைக் களை என்று அறிவித்தது. மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அதில் கோபம். அவர்கள் பிழைப்பே இந்தப் புல்லில்தான் இருக்கிறது. அந்தக் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பாட்டியின் முகம் போக மாட்டேன் என்கிறது. ஓவியத்தைக் கலைக்கூடத்தில் குளிரூட்டி, விளக்கு போட்டு, காவல் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கிழங்கு முளைக்கிற மண்ணுக்கு யார் காவல்? அந்த வெடிப்பைப் பார்த்துத் தோண்டத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஓரிரண்டு இடங்களில் தொண்டர்கள் வாரா வாரம் மண்வெட்டியோடு வந்து புல்லைத் தூரோடு பிடுங்குகிறார்கள். பிடுங்கிய இடத்தில், விதைக்காமலே, பழைய செடிகள் முளைத்து வருகின்றன. அதைக் கண்ணால் பார்த்தேன். சின்னவன்கூட இரண்டு தூர் பிடுங்கினான்.

இதில் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. உங்கள் காட்டில் இதே புல்தான் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. வெள்வேலாம் மரம் அழியவில்லை, கிளுவை வேலி அழியவில்லை, நடுவில் சின்னப் பூண்டுகள்கூட இருந்ததாக எனக்கு ஞாபகம். அய்யன் எந்தப் பட்டியை எப்போது மேயவிடுவார், எத்தனை நாள் மூடி வைப்பார், என்னென்ன பூண்டு உள்ளே முளைக்கும், எதைக் கையால் எடுத்துப்போடச் சொல்வார்? உனக்குத் தெரிந்தது, உன் அம்மாவுக்குத் தெரிந்தது, பட்டிக்கார மாரப்பன் அண்ணனுக்குத் தெரிந்தது, எல்லாம் எழுது. பெயர்களை ஊரில் சொல்கிற மாதிரியே எழுது. நான் ஒன்றும் செய்துவிடப் போவதில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. அய்யன் இருந்தபோதே கேட்டிருக்க வேண்டும்.

தை மாதம் வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. நேராக உன் வீட்டுக்குத்தான். உன் அம்மாவிடம் சொல்லி வை, கம்மஞ்சோறு வேண்டும்.

உன்,
செல்வி

பி.கு: அந்தக் கதிரைப் பையில் கட்டி, விடுதிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். கொண்டுவரவில்லை.